பிராணனுக்கு ஒரு பதிலாள்

அறுவைச் சிகிச்சைக் கூடத்தின் வாசலில் மயக்க மருத்துவர் கேட்கும் கேள்விகளுள் மிக எளியதாகத் தோன்றுவதும், உண்மையில் மிகக் கனமானதும், "இன்று காலையில் பிள்ளை ஏதாவது சாப்பிட்டானா?" என்னும் கேள்வியே என்பதை, என் பேரனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு காலைப்பொழுதில் நான் அறிந்துகொண்டேன். ஆறு வயதுப் பிள்ளை. தொண்டைச் சதை வீங்கி, இரவெல்லாம் வாயால் மூச்சு வாங்கி, நடுநடுவே அந்த மூச்சும் நின்றுபோய்த் திடுக்கிட்டு விழிக்கிறவன். விடியுமுன்பே புதுக்கோட்டையிலிருந்து புறப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்திருந்தோம். புறப்படும் வேளையில் என் தமக்கையார், ஊர்ப் பிள்ளையார் கோயிலில் அதிகாலைப் பூசை முடித்து, வாழையிலைத் துண்டில் கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலில் இரண்டு விரல் அளவு எடுத்து அவன் வாயில் ஊட்டியதை நான் பார்க்கவில்லை.

மருத்துவர் கேட்டபோது அக்காள் பேசாதிருந்தார். பொய் சொல்ல வேண்டும் என்னும் எண்ணம் அவருக்குக் கிஞ்சித்தும் இல்லை. பிரசாதம் 'சாப்பாடு' என்ற கணக்கில் சேரும் என்பதே அவர் புத்தியில் எழவில்லை. பிள்ளைதான் சொன்னான்: "ஆச்சி கோயில் பொங்கல் தந்தாவ." மருத்துவர் அம்மையார் கோபிக்கவில்லை. கையிலிருந்த தாளை மடித்துவைத்துவிட்டு, "பிள்ளையார் கோயில் பொங்கல்தான் ஆச்சி, நான் ஒண்ணும் சொல்லல, ஆனா வயித்துக்கு அது தெரியாதுல்லா" என்று சொல்லி, சிகிச்சையை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்.

அன்று இரவு, உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அக்காள் என்னிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். "சாமி கொடுத்தது பிள்ளையைக் கொல்லுமாடா?" என்றார். பகுத்தறிவின் பெயரால் அவரைக் கடிந்து பேசுவதும் எளிது. எல்லாம் அவன் செயல் என்று சொல்லிச் சமாதானப்படுத்துவதும் எளிது. இரண்டுமே அந்தக் கேள்வியை அவமதிப்பதாகும் என்று எனக்குப் பட்டது.

முதலில் சரீரத்தின் செய்தியைப் பார்ப்போம். விழித்திருக்கிறவனுக்கும் சாதாரணமாக உறங்குகிறவனுக்கும் தொண்டையில் ஒரு வாயிற்காவலன் உண்டு. சோறானாலும் நீரானாலும் குரல்வளையை நெருங்கிய மாத்திரத்தில் இருமலாகவும் விழுங்குதலாகவும் எழுந்து மறிக்கிறவன் அவன். மயக்க மருந்தோ அறிவை மட்டும் உறங்கவைத்து நிற்பதில்லை. அந்தக் காவலனையும் சேர்த்தே உறங்கவைக்கிறது. அவ்வேளையில் இரைப்பையிலிருந்து மேலே வரும் ஒரு வாய்ப் பொங்கல், மறிப்பார் இன்றி நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். ஆகையினால்தான் திட உணவுக்கு ஆறு மணி நேரம், நெய் மிகுந்ததாயின் அதனினும் அதிகம், தாய்ப்பாலுக்கு நான்கு மணி, தெளிந்த நீருக்கு இரண்டு மணி என்று வகுத்திருக்கிறார்கள். நீரைப் பொறுத்தவரை குழந்தைகளுக்கு ஒரு மணி நேரமே போதும் என்று இப்போது பலர் கருதுகிறார்கள். இது விரதம் அன்று. விரதத்தில் நீண்ட உபவாசம் உயர்ந்ததாக இருக்கலாம். இங்கே வேண்டியதற்கு மேல் பட்டினி போடுவது பிள்ளையை வாட்டுவதேயாகும். முதல் நாள் மாலையிலிருந்தே பச்சைத்தண்ணீர் கொடுக்காத தாய்மார்களை மருத்துவர்கள் கடிந்துகொள்வதை நான் கேட்டிருக்கிறேன்.

சாந்தோக்கிய உபநிஷதத்தில் ஒரு வழக்கு வருகிறது. இந்திரியங்கள் தமக்குள் யார் பெரியவர் என்று சண்டையிட்டுப் பிரஜாபதியிடம் போக, எவர் விலகினால் உடல் மிக இழிந்த நிலையை அடையுமோ அவரே பெரியவர் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். வாக்கு ஓராண்டு விலகிப் போய்த் திரும்பிவந்து பார்த்தது. ஊமையைப் போல் உடல் வாழ்ந்திருந்தது. கண் போய் வந்தது; குருடனைப் போல் வாழ்ந்திருந்தது. செவியும் அவ்வாறே. மனம் போய் வந்தபோது, மனம் முதிராத குழந்தைகளைப் போல் வாழ்ந்திருந்தது. கடைசியில் பிராணன் புறப்பட எத்தனித்த கணத்தில், நல்ல குதிரை ஒன்று தன்னைக் கட்டிய முளைகளைப் பிடுங்கிக்கொண்டு ஓட முயல்வது போல, மற்ற இந்திரியங்கள் யாவும் வேரோடு அசைந்தன. "போகாதே, நீயே பெரியவன்" என்று அவை அனைத்தும் பணிந்தன.

அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் இந்தக் கதை அன்றாடம் நடக்கிறது என்றால் அது உருவகம் அன்று. வாக்கு போகிறது, கண் போகிறது, செவி போகிறது, மனம் போகிறது. ஓராண்டுக்கல்ல, ஒரு மணி நேரத்துக்கு. போகக் கூடாதது ஒன்றே. பிரச்ன உபநிஷதத்தில் கார்க்கியர், "இப்புருஷனிடத்தில் உறங்குகிறவை எவை, விழித்திருப்பவை எவை?" என்று கேட்க, இந்தப் பட்டணத்தில் பிராணனாகிய அக்கினிகளே விழித்திருக்கின்றன என்று பிப்பலாதர் விடை கூறுகிறார். இயற்கையான உறக்கத்துக்கு அந்த விடை முற்றும் பொருந்தும். ஆனால் தசைகளைத் தளரச் செய்யும் மருந்து ஏறியதும் மார்பு அசைவதை நிறுத்திவிடுகிறது. பட்டணத்தின் கடைசிக் காவலும் உறங்கிவிட்டது. அப்போது விழித்திருப்பது யார்? தலைமாட்டில் ஒரு பையைக் கையால் அமுக்கியும் விட்டும் நிற்கிற ஒரு மனிதப்பிறவி. பிராணனுக்குப் பதிலாள் ஒருவர், அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும், நியமிக்கப்பட்டிருக்கிறார்.

இந்த நியமனத்தின் பாரத்தை உலகம் ஒரு சிறுமியின் உயிரைக் கொடுத்தே கற்றது. 1846ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்தாக வெளிப்படையாகப் பயன்பட்டு, மறு ஆண்டு கல்கத்தாவையும் வந்தடைந்தது. 1848 ஜனவரி 28ஆம் நாள், இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு அருகில், ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுப் பெண், கால் விரல் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோபாரம் முகர்ந்து சில நிமிஷங்களுக்குள் இறந்தாள். அவளை எழுப்புவதற்காக அவள் வாயில் நீரும் பிராந்தியும் ஊற்றினார்கள். மருந்தே இருதயத்தை நிறுத்தியது என்றார் ஒரு சாரார். உறங்குகிறவள் வாயில் ஊற்றிய திரவமே அவளை மூச்சடைக்கச் செய்தது என்றார் குளோரோபாரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த சிம்சன். எது உண்மையாயினும், எழுப்ப வேண்டும் என்னும் அன்பினாலேயே ஊற்றினார்கள் என்பதை நினைக்கும்போது, எங்கள் அக்காளுடைய இரண்டு விரல் பொங்கல் என் கண்முன் வந்து நின்றது.

இவ்வழக்கு நம் தேசத்திலும் விசாரிக்கப்பட்டது. ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்னும் மருத்துவர், நிஜாமின் ஆதரவோடு, 1888இலும் 1889இலும் இரண்டு ஆய்வுக் குழுக்களை நடத்தி, நூற்றுக்கணக்கான பிராணிகளுக்குக் குளோரோபாரம் கொடுத்துச் சோதித்து, முதலில் நிற்பது மூச்சே, நாடியைப் பிடித்துக்கொண்டிராமல் மூச்சைப் பாருங்கள் என்று முடிவு கூறினார். இருதயமும் முன்னறிவிப்பின்றி நின்றுவிடக்கூடும் என்று பின்னர் நிரூபணமாயிற்று. அவர் சொன்னது பாதி உண்மையே. எனினும் மூச்சின்மேல் வைத்த கண்ணை எடுக்காதே என்னும் அந்தப் பாதி, குழந்தைகளின் விஷயத்தில் இன்றும் தலையாயது. பிராணனை உடையது என்பதால் 'பிராணி' என்று பெயர் பெற்ற அந்த வாயில்லா ஜீவன்கள் கற்றுத்தந்த பாடம் அது என்பதை மறப்பது தகாது.

குழந்தை என்பது சிறிய அளவில் செய்த பெரியவர் அன்று. யோக நூலார் ஒரு நாளுக்கு 21,600 சுவாசம் என்று கணக்கிட்டார்கள். தில்லைப் பொன்னம்பலத்தின் கூரையில் அத்தனை பொன்னோடுகள் என்று சொல்வது அக்கணக்கைக் கொண்டே. நிமிஷத்துக்குப் பதினைந்து என்னும் அது வளர்ந்தவருடைய கணக்கு. பிறந்த சிசு நிமிஷத்துக்கு நாற்பது முறை மூச்சு விடுகிறது. அதன் நாள் 57,600 சுவாசங்களால் ஆனது. எடைக்கு எடை பார்த்தால் வளர்ந்தவரைப்போல் இரு மடங்கு பிராணவாயு அதற்கு வேண்டும். நுரையீரலில் சேமித்துவைத்திருப்பதோ சொற்பம். மூச்சு நின்றால் நமக்குக் கிடைக்கும் அவகாசம் அதற்குக் கிடையாது; பார்த்துக்கொண்டிருக்கையிலேயே உதடு நீலம் பாய்ந்துவிடும். நாக்கு வாயை நிறைத்துக் கிடக்கிறது; குரல்வளை கழுத்தில் உயரத்தில் இருக்கிறது; அதன் மூடி இளந்தளிர்போல் துவள்கிறது. தலை பெரிதாகையால் படுக்கவைத்தவுடன் கழுத்து முன்னே மடிந்து வழி அடைபடுகிறது. அதனால் நமக்குத் தலைக்கு வைக்கும் அணையைச் சிசுவுக்குத் தோளின்கீழ் வைக்கிறார்கள். நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாயில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீக்கம் கண்டால், வழியின் பரப்பில் கால் பங்குதான் மிஞ்சும். வயதுக்குத் தக்க குழாயைத் தேர்ந்தெடுப்பதில் அரை மில்லிமீட்டருக்கும் மருத்துவர் அஞ்சுவது இதனால்தான்.

அன்று வாசலில் அந்த அம்மையார் கேட்ட மற்றக் கேள்விகளின் பொருளும் பின்னரே எனக்கு விளங்கிற்று. சளி பிடித்திருக்கிறதா என்றார். சளி கண்ட பிள்ளையின் குரல்வளை சினங்கொண்ட வாயில்போலச் சட்டென்று இறுகி மூடிக்கொள்ளும், இரண்டு வாரமாவது பொறுப்பது நலம். பல் ஏதாவது ஆடுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். கழன்ற பால்பல் மூச்சுக்குழாயில் விழுந்துவிடலாகாது. இவை அர்ச்சகர் ஒருவர் பூசைக்கு முன் பாத்திரங்களைத் துலக்குவதற்கு ஒப்பான காரியங்கள் என்று நான் எண்ணுகிறேன்.

பிறர் மூச்சுக்குக் காவலிருப்பது எங்கள் தூத்துக்குடிக் கரைக்குப் புதிய தர்மம் அன்று. 1961ஆம் ஆண்டோடு இக்கரையில் பெரிய முத்துக்குளிப்பு முடிந்துபோயிற்று. ஆயினும் என் சிறுபிராயத்தில், முத்துப் பாருக்குப் போய் வந்த திரேஸ்புரத்துப் பெரியவர் ஒருவர் கதை சொல்லக் கேட்டிருக்கிறேன். கல்லைக் கட்டிக்கொண்டு எட்டுப் பாகம், பத்துப் பாகம் இறங்குகிறவனுக்கு ஒரு மூச்சுதான் உண்டு. மேலே தோணியில் அவன் கயிற்றைப் பிடித்திருக்கிறவன் அந்த வேளையில் பேசமாட்டான், பிறர் முகத்தைப் பார்க்கமாட்டான், அவனுடைய சித்தம் முழுவதும் உள்ளங்கையில் இருக்கும். மூழ்குகிறவனின் மைத்துனனுக்கே அந்த வேலையைக் கொடுப்பார்கள், தங்கையின் தாலி தன் கையில் என்று அவன் அறிவான் என்பதும் கரையில் வழங்கும் பேச்சு. அதே முத்துக்குளிப்பில் கடல்கட்டி என்று ஒருவரும் இருந்தார். மார்க்கோ போலோவின் காலத்திலேயே பேசப்பட்ட அவர், சுறாவின் வாயைக் கட்டுவதற்காக மந்திரம் ஜபிப்பவர். அவர் இல்லாமல் கடலில் இறங்கமாட்டார்கள். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது: கடல்கட்டி ஜபிக்கிறார் என்பதற்காக எவனும் கயிற்றைக் கைவிட்டதில்லை.

பிள்ளைகளின் விஷயத்தில் இன்னும் ஒரு சங்கடம் உண்டு. முத்துக்குளிப்பவன் தானே அறிந்து இறங்குகிறான். குழந்தையோ, "பலூன் ஊது கண்ணா" என்று சொல்லி முகத்தில் வைத்த மூடியை நம்பி, ஒன்றும் அறியாமல் மூழ்குகிறது. வைணவ ஆசாரியர்கள் சரணாகதியைப் பற்றி வாதித்தபோது, தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டி என்று வடகலையாரும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி என்று தென்கலையாரும் திருஷ்டாந்தம் காட்டினார்கள். மயங்கிய பிள்ளை சந்தேகமின்றிப் பூனைக்குட்டியே. ஆனால் அந்த வாதத்தில் எல்லோரும் குட்டியைப் பற்றியே பேசினார்கள். எனக்குத் தாய்ப்பூனையைப் பற்றி எண்ணத் தோன்றுகிறது. எலியைக் கிழிக்கும் அதே பற்களால், தோல் கீறாமல், நழுவவும் விடாமல், மதிலுக்கு மதில் தாவும் பூனையின் அவஸ்தை என்ன? அளவு மிஞ்சினால் கொல்லும் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிராணவாயுவை அளக்கும் கருவியின் ஓசையில் சுருதி ஓர் இழை இறங்கியதும் திரும்பிப் பார்க்காமலே அறிந்துகொள்கிற அந்த மருத்துவரின் அவஸ்தை அதுவே. ஈசுவரன் காப்பாற்றுகிறான் என்பதை நான் முழுமனத்தோடு நம்புகிறவன். அவன் காக்கும் விதம், ஒரு மனிதரை அந்த ஒரு மணி நேரம் கண் இமைக்காமல் விழித்திருக்கச் செய்வதே என்று இப்போது நம்புகிறேன். பிரசாதம் பொய்யன்று, அது இரைப்பையில் இறங்கியபின் அரிசியும் வெல்லமும் நெய்யுமாகத் தன் இயல்பின்படியே நடந்துகொள்கிறது, அந்த இயல்பையும் அவனே கொடுத்தான். இதைத்தான் அன்றிரவு அக்காளிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. படுக்கப் போகுமுன் பிள்ளையின் தலைமாட்டிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் கதவு மூடி முக்கால் மணி நேரம் ஆயிற்று. குழாயை எடுக்கும் வேளையும் போடும் வேளையைப் போலவே அபாயமானது என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்; அரைத்தூக்கத்தில் குரல்வளை மூடிக்கொள்ளலாம், தொண்டையில் இரத்தம் தேங்கலாம், அதனால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காத்திருப்பார்கள். ஆழ்வார்திருநகரியில் பிறந்த சடகோபர், பிறக்கும் குழந்தையைச் சூழ்ந்து முன்னறிவை மறைத்து அழச்செய்யும் சடம் என்னும் வாயுவைச் சினந்து விலக்கியதால் அழாமலே இருந்தார் என்பது ஐதிகம். எங்களுக்கு அந்த மகிமை வேண்டியிருக்கவில்லை. உள்ளே இருமலும், அதன்பின் கரகரத்த பெரிய அழுகையும் கேட்டபோது, அக்காள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மருத்துவர் வெளியே வந்தார். அக்காளுடைய கையில் அன்றைய வாழையிலைப் பொட்டலம் இருந்தது. அதைப் பின்னால் மறைக்காமல், முன்னே நீட்டி, "இத எப்பம்மா கொடுக்கலாம்?" என்று கேட்டார். "முதல்ல நாலு மணிக்குக் குளிர்ந்த தண்ணி, அது தங்கிச்சுன்னா ஐஸ்கிரீம். பொங்கல நல்லாக் குழைச்சு, ஆறவச்சு, நாளைக்குப் பாப்போம் ஆச்சி" என்றார் அவர். அக்காள் சுவர்க்கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். மணி பதினொன்று ஆகியிருந்தது.