குதிரை தாங்கும் தந்தி

ஜெஞ்சாரோமில் உள்ள டோங் சென் பௌத்த ஆலயத்தின் விளக்கொளி அலங்காரத்தைக் காணச் சீனப் புத்தாண்டுக் காலத்தில் பல இன மக்களும் திரள்வர். அங்கு வணங்கப்படும் புத்தர் பெருமான், சோணர் என்னும் சீடருக்கு வீணையைச் சான்றாக்கி அறம் உரைத்தார் எனப் பௌத்த நூல் கூறுகிறது. பாதங்களில் குருதி கசியும்வரை நடந்து தவம் முயன்ற சோணர், துறவுக்கு முன் வீணை வாசித்தவர். தந்தி மிக இறுகினாலும் தளர்ந்தாலும் இசை பிறவாது. முயற்சியும் அத்தகையதே என்பது புத்தர் காட்டிய நெறி.

இறுக்கம் சரியாக அமைந்துவிட்டால் மட்டும் போதுமா? இவ்வட்டாரத் திருமண மேடைகளில் ஒலிக்கும் மின்சாரக் கித்தார் இதற்கு விடை பகரும்.

கித்தாரின் தந்திகள், வீணையிற் போலவே, குதிரை எனப்படும் தாங்கியின்மேல் ஏறி, அதற்கப்பால் இறங்கிக் கட்டப்பெறுகின்றன. சில கித்தார்களில் அப்பின்கட்டை உயர்த்தவும் தாழ்த்தவும் இயலும். தாழ்த்தினால் தந்தி குதிரையை மிகுதியாக அழுத்தும். உயர்த்தினால் அழுத்தம் குறையும். ஒரே பருமனும் நீளமும் உடைய தந்தி ஒரே சுருதியில் நிற்குமாயின் அதன் இழுவிசை மாறுவதில்லை. ஆயினும் வாசிப்பவரின் விரல் வேறுபாட்டை உணர்கிறது. அழுத்தம் குறைந்த தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கையில், அது குதிரைமேல் எளிதில் நழுவ, அப்பாலுள்ள பகுதியும் இழுவையைப் பங்கிட்டுக் கொள்கிறது. விரலுக்கு மென்மை கிட்டுகிறது. ஆனால் அதே சுரத்தை எட்ட விரல் கூடுதல் தொலைவு செல்ல நேர்கிறது. அழுத்தம் மிகக் குறைந்தால் தந்தி தன் இடத்தில் நில்லாது ஒலி சிதையும். மிகுந்தால் உராய்வால் சுருதி பிறழும், தந்தி அறவும் கூடும்.

தம்புராவிலோ குதிரைக்கும் தந்திக்கும் இடையே வைக்கும் ஒரு சிறு நூலிழை நாதத்தையே மாற்றிவிடுகிறது. வீணை, தம்புரா ஆகியவற்றின் ஒலிவளத்திற்கு அவற்றின் குதிரை அமைப்பே காரணம் என்பதை 1921இல் சி. வி. இராமன் ஆய்ந்து எழுதினார்.

கடமையும் ஒரு தந்தியே. பாடத்தைக் குறைப்பதே கருணை என்பார் சிலர்; விதியை இறுக்குவதே ஒழுக்கம் என்பார் வேறு சிலர். இரு சாராரும் பிரடையையே திருகுகின்றனர், குதிரையை நோக்குவாரில்லை.

பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றபின் தம்பி தங்கையரைப் பேணும் ஒரு சிறுமி, வீட்டுப்பாடம் முடிக்காமல் வகுப்பில் நிற்கிறாள் எனக் கொள்வோம். பாடத்தைத் தள்ளிவிட்டால் அவள் சுருதி தாழும். தண்டித்தால் தந்தி அறும். பள்ளி முடிந்தபின் அரைமணி நேரம் அருகமர்த்தி அதே பாடத்தைச் செய்விக்கலாம். பாடத்தின் அளவு மாறவில்லை; அது தங்கும் இடமே மாறியது. அதற்காக மாணவி தன் விளையாட்டு நேரத்தையும், ஆசிரியர் தம் ஓய்வையும் ஈந்தாக வேண்டும். மென்மைக்கும் விலையுண்டு.

இறுக்கத்தின் அளவைப் புத்தர் காட்டினார். அவ்விறுக்கத்தைத் தாங்கி இசையாக்கும் குதிரையாக நிற்பதே ஆசிரியரின் அறம்.