குறைகூறலும் அறமும்: மன்னார்த் தேர்தல் மேடையை முன்வைத்து ஒரு நோக்கு

தேர்தல் என்பது மக்கள் தம் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்யும் முறை என்று குடியியற் பாடநூல்கள் கூறும். ஆயின் தேர்தற் காலத்து மேடைப் பேச்சுகளைக் கேட்பவனுக்கு, அது ஒருவரைத் தெரிவுசெய்யும் முறையாக அன்றிப் பலரை நிராகரிக்கும் முறையாகவே தோன்றும். தமக்கு வாக்களிக்குமாறு வேட்பாளர் வேண்டுவதிலும், மற்றவருக்கு வாக்களிக்க வேண்டாமென்று வேண்டுவதே மிகுதி. இவ்வாறு பிறர் குறை கூறி வாக்குக் கேட்டல் அறமாகுமா? அறமாகுமெனின் அதன் எல்லை யாது? யான் பிறந்து வளர்ந்த மன்னார்த் தீவின் அநுபவத்தை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2024 நவம்பர் 14ஆந் திகதி நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலுக்குச் சில நாள்கள் முன்னர், தலைமன்னார் வீதியை அண்டிய மீனவக் கிராமமொன்றின் சந்தியில் நடைபெற்ற கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த முஸ்லிம் நண்பன் ஒருவனும் உடன் வந்திருந்தான். வேட்பாளர் எவர் என்பது ஈண்டு முக்கியமன்று. எக்கட்சி மேடையிலும் அத்தகைய பேச்சைக் கேட்டிருக்க முடியும். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் அவர் பேசினார். இழுவைப்படகுகளால் எமது மீனவர் வலையிழந்து நின்றபோது ஒரு கட்சி பாராளுமன்றத்தில் என்ன செய்தது என்று வினவினார். பிறிதொரு கட்சி ஒற்றுமையைக் குலைத்தது என்றார். மூன்றாவதொரு கட்சியைப் பற்றிக் கூறுகையில், அதன் கொள்கையை விடுத்து, அதற்கு வாக்களிக்கும் மக்களின் வழக்கங்களைச் சுட்டி ஒரு நகைச்சுவை சொன்னார். கூட்டம் சிரித்தது. யானும் சிரித்துக் கைதட்டினேன்.

கூட்டம் கலைந்தபின், வலை பொத்திக்கொண்டே பேச்சைக் கேட்டிருந்த முதியவர் ஒருவர் கூறினார்: “மற்றவன்ர வலையில இருக்கிற பொத்தலை எல்லாம் எண்ணிச் சொல்லிப்போட்டார் தம்பி. தன்ர வலையை விரிச்சுக் காட்டேல்லையே.”

அறவியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அம்முதியவர் இரண்டே வாக்கியங்களில் விளக்கிவிட்டார். எனினும் அவர் கூற்று வினாவின் ஒரு பாதியையே தீர்க்கின்றது. மற்றைய பாதி எனது கைதட்டலிற் கிடந்தது. அதனை யான் உணரச் சில நாள்கள் சென்றன.

முதற்கண் குறைகூறலின் நியாயத்தை நோக்குவோம். குறைகூறுதல் யாவும் தீதெனக் கொள்வது எளிது. ஆயின் அது தவறு. ஆள்வோனை இடித்துரைப்பார் இல்லாவிடிற் கெடுப்பார் இன்றியும் அவன் கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. மக்களாட்சியில் அவ்விடித்துரைக்கும் கடமை எதிர்க்கட்சியினரையும் எதிர் வேட்பாளரையும் சார்ந்தது. கடலடி இழுவை மீன்பிடியை இலங்கைப் பாராளுமன்றம் 2017இற் சட்டத்தினாற் தடைசெய்தது. அச்சட்டம் நடைமுறையில் எவ்வளவு பயன் தந்தது, அதன்பொருட்டு எமது பிரதிநிதிகள் எத்தனை முறை குரல் எழுப்பினர் என்பன வாக்காளன் அறியவேண்டிய செய்திகள். கடலில் இரவைக் கழிக்கும் மீனவனுக்குப் பாராளுமன்ற விவாத அறிக்கைகளைப் புரட்டிப் பார்க்க அவகாசமில்லை. அவனுக்காக அவற்றைப் புரட்டிப் பார்ப்பவர் போட்டி வேட்பாளரே. அவர் நோக்கம் தன்னலமாயினும் விளையும் பயன் பொதுநலமாகலாம். எனவே, “எவரையும் குறைகூறாத நல்லவர்” என்ற புகழை விரும்பி ஒரு வேட்பாளர் மௌனம் காப்பாராயின், அவர் தமது நற்பெயரைப் பேணிக்கொண்டு மக்களை இருளில் விட்டவராவார்.

அடுத்து, எமது தேர்தல் முறை குறைகூறலை எவ்வாறு வளர்க்கின்றது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1947 முதல் 1977 வரை மன்னார் தனித் தொகுதியாக விளங்கியது. 1989ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் இணைந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஒரு பகுதியாக அது அமைந்துள்ளது. வாக்காளர் ஒரு கட்சிக்கு வாக்களித்தபின் அக்கட்சியின் வேட்பாளர் மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். ஆகவே வேட்பாளருக்குப் பிற கட்சியினர் மாத்திரமன்றித் தம் கட்சியின் பட்டியலில் உள்ளோரும் போட்டியாளரே. இலங்கைத் தமிழரசுக் கட்சியின் சின்னத்திற் போட்டியிட்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வன்னியில் 2015இல் நான்கு ஆசனங்களையும் 2020இல் மூன்று ஆசனங்களையும் பெற்றது. 2024இல், முன்னர் ஒரே அணியில் நின்றோர் வீட்டுச் சின்னத்திலும் சங்குச் சின்னத்திலும் பிரிந்து நின்றனர். இரு தரப்பும் ஒவ்வோர் ஆசனத்தையே பெற்றன. அத்தேர்தலில் வன்னியின் ஆறு ஆசனங்கள் ஐந்து கட்சிகளுக்கிடையே பங்கிடப்பட்டன. நேற்றுவரை ஒரே மேடையில் நின்றவர்கள் இன்று ஒருவரையொருவர் குறைகூற நேரும்போது, கூறப்படும் குறையிற் கூறுபவருக்கும் பங்குண்டு. தாம் உடனிருந்த காலத்தில் நிகழ்ந்த தவறுக்கு மற்றவரை மாத்திரம் பொறுப்பாளியாக்குவது எவ்வாறு நேர்மையாகும்? தன் வலையை விரித்துக் காட்டாமை என்று முதியவர் கூறியது இதனையே.

இவ்விடத்தில் மன்னாரின் மூன்று சமயங்களைச் சேர்ந்தோரும் ஒரே அறத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பது வியப்பிற்குரியது. தன் குற்றத்தை நீக்கியபின் பிறர் குற்றம் காண்பதே தலைவனுக்கு அழகு என்கிறது திருக்குறளின் குற்றங்கடிதல் அதிகாரம். பிறர் கண்ணின் துரும்பை எடுக்குமுன் தன் கண்ணின் உத்திரத்தை எடுக்குமாறு பணிக்கிறது மத்தேயு நற்செய்தி. புறம்பேசுதலை, இறந்த சகோதரனின் இறைச்சியை உண்பதற்கு ஒப்பிடுகிறது திருக்குர்ஆனின் நாற்பத்தொன்பதாம் அத்தியாயம். இவற்றிலிருந்து இரண்டு அளவுகோல்களைப் பெறலாம். பிறரை அளக்கும் கோலால் தன்னையும் அளத்தல் ஒன்று. குறைகூறப்பட்டவர் முன்னிலையிலும் கூறத்தக்கதையே அவர் இல்லாதவிடத்தும் கூறல் மற்றொன்று.

இரண்டாவது அளவுகோல் தேர்தற் காலத்தில் தனிச்சிறப்புப் பெறுகின்றது. வாக்களிப்பிற்கு நாற்பத்தெட்டு மணித்தியாலங்களுக்கு முன்னர்ப் பிரசாரம் ஓயவேண்டும் என்பது விதி. கடைசி மேடையில் வீசப்படும் பழிக்கு மறுமொழி கூற மேடை இல்லை. கி.மு. 399இல் நீதிமன்றத்தில் நின்ற சோக்கிரதர், தம்மை வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டியோரிலும் நெடுங்காலமாகப் பெயரின்றிப் பழி பரப்பியோரையே தாம் அஞ்சுவதாகக் கூறினார். அவர்களை அழைத்து வினவ இயலாமையால், நிழலோடு போரிட வேண்டியுள்ளது என்பது அவர் முறைப்பாடு. மறுமொழிக்கு இடமளியாத குற்றச்சாட்டு உண்மையாயினும் அது நீதியாகாது.

இவற்றைச் சட்டம் காக்காதா என வினவலாம். வேட்பாளர் ஒருவரின் சொந்த ஒழுக்கத்தையோ நடத்தையையோ பற்றித் தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்குடன் பொய்க் கூற்று வெளியிடுவதை 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் ஊழற் செயலாகக் கொள்கின்றது. பிரித்தானியச் சட்டத்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. அங்கு 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் 103 மேலதிக வாக்குகளால் வென்ற தொழிற்கட்சி உறுப்பினர் பில் வூலஸ் என்பாரின் தெரிவை அவ்வாண்டு நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது. எதிர் வேட்பாளர், வன்முறையை ஆதரிக்கும் முஸ்லிம்களின் ஆதரவை நாடினார் எனப் பொய்யாகப் பிரசாரம் செய்தமை அவர்மீதான குற்றங்களுள் ஒன்று. வெள்ளையின வாக்காளரின் சினத்தைத் தூண்டுவதே அப்பிரசாரத்தின் உத்தி என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது.

ஆயின் அவ்வழக்கை ஊன்றி நோக்குவோர்க்கு ஓருண்மை புலனாகும். நீதிமன்றம் பரிகாரம் அளித்தது பழிக்கப்பட்ட வேட்பாளருக்கே. அப்பிரசாரத்தினால் அயலவரின் ஐயத்திற்கு ஆளான சாதாரண முஸ்லிம் குடிமகன் அவ்வழக்கின் தரப்பினன் அல்லன். தீர்ப்பிற்குப் பின்னரும் அவன் அதே வீதியில், அதே அயலவர் மத்தியிலேயே வாழவேண்டியிருந்தது. சட்டம் தலைவர்களின் நற்பெயரைக் காக்கும். மக்களின் நற்பெயரைக் காப்பது மேடையில் நிற்பவரின் அறவுணர்வே.

இதனால் மூன்றாவது அளவுகோல் ஒன்று தேவைப்படுகின்றது. கட்சியைக் குறைகூறும் சொல், அக்கட்சிக்கு வாக்களிக்கும் மக்களைக் குறைகூறும் சொல்லாக மாறலாகாது. கொழும்பிலோ இலண்டனிலோ இது நாகரிகம் பற்றிய வினாவாக இருக்கலாம். மன்னாரில் இது வாழ்வு பற்றிய வினா. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடமாகாண முஸ்லிம்கள் தம் மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்டனர்; மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அவ்வெளியேற்றம் தேர்தல் மேடையினால் விளைந்ததன்று. எனினும் ஒரு சமூகம் முழுவதையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே குற்றத்திற்கு உட்படுத்தும் சிந்தனை இறுதியில் எங்கு கொண்டுசெல்லும் என்பதற்கு அதனினும் தெளிந்த சான்று எமக்கு வேண்டியதில்லை. தமிழராகிய யாமும் அத்தகைய சிந்தனையால் இந்நாட்டிற் பலமுறை துன்புற்றவர்களே. அந்நினைவு மறையாத மண்ணில் ‘அவர்களுடைய கட்சி’ என்ற சொல் வெறுஞ் சொல்லன்று.

என் நண்பனின் குடும்பமும் அவ்வாண்டு தோணி ஏறிய குடும்பங்களுள் ஒன்று. அந்நகைச்சுவைக்குக் கூட்டம் சிரித்தபோது அவன் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில், பேருந்தில், வழக்கமாக ஓயாது பேசும் அவன் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் களைப்பு என்றே அன்று எண்ணினேன்.

தேர்தல் ஒரு போர். போரில் அறம் பார்ப்பவன் தோற்பான் என்று சிலர் வாதிப்பர். இவ்வாதத்தை எளிதிற் புறந்தள்ள முடியாது. பண்பாகப் பேசிய வேட்பாளர் தோற்றதையும் வசைபாடியவர் வென்றதையும் யாம் கண்டிருக்கிறோம். ஆயின் போர் என்ற உவமையே பிழையானது. போரில் தோற்றவன் களத்தை விட்டு நீங்குகிறான். தேர்தலில் தோற்றவனும் அவனுக்கு வாக்களித்தவனும் அடுத்த வீட்டிலேயே இருக்கின்றனர். 2025 ஓகஸ்டிற் காற்றாலைத் திட்டத்தையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து மன்னார் மக்கள் நாள்தோறும் போராடினர். தீவின் மணலும் நிலத்தடி நீரும் கெடுமாயின் எக்கட்சிக்கு வாக்களித்தவன் கிணறு முதலில் உவர்க்கும் என்று எவராலும் கூற முடியாது. அத்தகைய வேளையிற் சேர்ந்து நிற்க வேண்டியவர்களைத் தேர்தல் மேடை நிரந்தரப் பகைவராக்குமாயின், பெற்ற ஆசனத்திலும் இழந்தது பெரிதாகும்.

இறுதியாக, கேட்போரின் பொறுப்பு. பேசுபவர் எமது முகத்தைப் பார்த்தே தமது அடுத்த சொல்லைத் தெரிந்தெடுக்கிறார். இழுவைப்படகு பற்றிய வினாவிற்கு மௌனமாயிருந்து, மக்களைப் பழித்த நகைச்சுவைக்குக் கைதட்டும் கூட்டம், தனக்கு எது வேண்டும் என்பதை அவருக்குக் கற்பித்துவிடுகின்றது. பல்கலைக்கழகத்திற் கற்கும் யாம் அரசியல்வாதிகளின் தரத்தைப் பழிக்க விரைகிறோம். அத்தரத்தை ஆக்கிய கைகளுள் எமது கையும் ஒன்றென்பதை மறக்கிறோம். ஆகவே குறைகூறலின் அளவுகோல்களை வேட்பாளருக்கு விதிக்குமுன் எனக்கு விதித்துக்கொள்வதே முறை. இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்நண்பனிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவன் முழுவதையும் வாசித்துவிட்டு, “அண்டைக்கு நீ கைதட்டினதை நான் பார்த்தனான்” என்று மட்டும் கூறினான்.