கேளாத சொல்லும் வாய்மையும்

மும்பையிலிருந்து கல்யாணைக் கடந்து அம்பர்நாத் செல்லும் மின்ரயில் பாதையில் உள்ளது உல்லாஸ்நகர். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ முகாமாக இருந்த இடம் அது. தேசப் பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்த சிந்தி மக்கள் அங்கே குடியமர்த்தப்பட்டனர். 1949-ஆம் ஆண்டு, அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி அந்நகருக்கு அடிக்கல் நாட்டினார். வெறுங்கையோடு வந்தவர்கள் தங்கள் உழைப்பால் அதைப் பெரியதொரு தொழில் நகரமாக்கினர்.

அவ்வூரைப் பற்றி மும்பைவாசிகள் நெடுநாளாகச் சொல்லும் வேடிக்கை ஒன்று உண்டு. அங்கே தயாரான பொருட்களில் ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று அச்சிட்டிருக்குமாம். கேட்டால், ‘உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்’ என்பதன் சுருக்கம்தான் அது என்பார்களாம்! கேட்பவர் சிரித்துவிடுவார். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது. எழுத்தளவில் அங்கே பொய் இல்லை. அப்படியானால் அது உண்மையா?

ஒலிக்குள் ஒளிந்த வாசகம்

பொருட்களில் எழும் இக்கேள்வி மனத்தைப் பற்றிய வாணிபத்தில் இன்னும் கூர்மையாக எழுகிறது. ‘சப்லிமினல்’ எனப்படும் ஆழ்மன ஒலிப்பதிவுகள் முன்பு கேசட்டாகவும் குறுந்தகடாகவும் விற்கப்பட்டன. இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன. மழையின் ஓசையோ மெல்லிசையோ மட்டும் காதில் விழும். அதனடியில், காதுக்கு எட்டாத அளவில், தன்னம்பிக்கை ஊட்டும் வாசகங்கள் பதிக்கப்பட்டிருப்பதாகத் தயாரிப்பாளர் கூறுவார். நினைவாற்றல் பெருகும் என்பதில் தொடங்கி, உயரம் கூடும், கண்ணின் நிறமே மாறும் என்பது வரை வாக்குறுதிகள் நீளுகின்றன.

இத்துறையின் தொடக்கமே ஒரு பொய்யோடு பிணைந்தது. 1957-இல் ஜேம்ஸ் விகாரி என்ற அமெரிக்க விளம்பர ஆய்வாளர், திரையரங்கில் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் வாசகங்களைக் காட்டியதால் சோளப்பொரியும் கொக்கோ கோலாவும் அதிகம் விற்றன என்று அறிவித்தார். உலகமே திகைத்தது. 1962-இல், தம்மிடம் போதிய ஆதாரம் இருந்ததில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

1991-இல் அந்தோணி கிரீன்வால்டும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு மேலும் சிந்திக்க வைப்பது. 237 பேருக்கு, கடையில் விற்கும் இத்தகைய கேசட்டுகள் தரப்பட்டன. சிலருக்கு நினைவாற்றல் கேசட்டின்மீது தன்மதிப்பு என்ற சீட்டும், சிலருக்குத் தன்மதிப்பு கேசட்டின்மீது நினைவாற்றல் என்ற சீட்டும் ஒட்டப்பட்டன. கேசட்டுகள் எவையும் தாம் வாக்களித்த பலனைத் தரவில்லை. ஆயினும் மூன்றில் ஒரு பங்கினருக்கும் அதிகமானோர், சீட்டில் எழுதியிருந்தபடியே தாங்கள் முன்னேறியதாக நம்பினர். வேலை செய்தது உள்ளிருந்த ஒலியன்று. வெளியே ஒட்டிய சீட்டே!

நன்மை தந்தால் போதாதா?

‘பொய்யாகவே இருக்கட்டும், கேட்பவருக்கு ஊக்கம் பிறக்கிறதே’ என்று சிலர் வாதிடலாம். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரும் கூறியிருக்கிறாரே என்பர்.

ஆனால் வள்ளுவர் வெறும் நன்மையைச் சொல்லவில்லை. குற்றம் நீங்கிய நன்மையையே சொன்னார். இங்கே பொய்யால் லாபம் அடைபவர் அதைச் சொல்பவர். கேட்பவர் தம் சொந்த முயற்சியால் பெற்ற உயர்வை ஒலிப்பதிவின் கணக்கில் எழுதிவிடுகிறார். தன்னம்பிக்கையை வாங்கச் சென்றவர் தம்மீதுள்ள நம்பிக்கையை விற்றுவிட்டுத் திரும்புகிறார். பலன் கிட்டாதபோதோ, ‘என் மனமே சரியில்லை’ என்று தம்மையே நொந்துகொள்கிறார். இதைக் குற்றமற்ற நன்மை என்பது எப்படி?

மேலும், நன்மைக்குப் பொய் இன்றியமையாததும் அன்று. 2010-இல் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் கேப்சக்கும் அவரது குழுவினரும் குடல் நோயாளிகள் 80 பேரிடம் ஓர் ஆய்வு செய்தனர். ஒரு பிரிவினருக்கு, ‘இது மருந்தற்ற வெறும் மாத்திரை’ என்று வெளிப்படையாகச் சொல்லியே தரப்பட்டது. அவர்கள், மாத்திரை பெறாதவர்களைவிட அதிக நலம் அடைந்ததாகத் தெரிவித்தனர். உண்மையைச் சொன்னதால் அந்த நன்மை அழிந்துவிடவில்லை.

தரையைத் தொட்ட தேர்

குருக்ஷேத்திரத்தில் தருமபுத்திரர் சொன்னதும் எழுத்தளவில் உண்மையே. ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்பதை உரக்கச் சொல்லி, ‘யானை’ என்பதைத் துரோணருக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னார். அதுவரை தரையில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் சென்ற அவரது தேர் அக்கணமே மண்ணைத் தொட்டது. சொல் பொய்யன்று, ஆனால் கேட்பவர் மனத்தில் விதைக்க நினைத்தது பொய். கேளாத அளவில் சொல்லப்பட்ட உண்மை, சொல்லப்படாத உண்மையே.

‘மந்திரமும் ரகசியம்தானே?’ என்று ஐயம் எழலாம். மந்திரம் பிறருக்கு ரகசியம், பெறுபவருக்கு அன்று. குரு அதைச் சீடனின் காதில் தெளிவாக ஓதுகிறார். சீடன் அதை அறிந்து, விரும்பி, விழிப்புடன் ஜபிக்கிறான். மறைவொலியிலோ, எவர் மனத்தில் அது நுழைகிறதோ அவரே அதை அறியார். உள்ளே வேறொரு வாசகம் இருந்தாலும், எதுவுமே இல்லாவிட்டாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. சோதித்தறிய வழியற்றவரிடம் பேசும்போது வாய்மையின் பொறுப்பு பன்மடங்காகிறது.

ஓர் உப்புப் பொட்டலத்தின்மேல்கூடத் தயாரித்தவர் பெயரும் எடையும் விலையும் இருக்க வேண்டும் என்கிறது நம் நாட்டுச் சட்டம். உணவில் சேரும் உப்புக்கே இவ்வளவு என்றால், மனத்தில் சேரும் சொல்லுக்கு எவ்வளவு வேண்டும்! நேர்மையான தயாரிப்பாளர் தாம் பதித்த ஒவ்வொரு வாசகத்தையும் கேட்பவர் படிக்கும்படி எழுதித் தருவார். எது நிரூபிக்கப்பட்டது, எது தம் நம்பிக்கை மட்டுமே என்று பிரித்துச் சொல்வார். மாணவனிடம் படிப்பையும் நோயாளியிடம் மருந்தையும் கைவிடச் சொல்லமாட்டார். அதனால் விற்பனை குறையலாம், குறையட்டும்.

அவ்வாறு எழுதித் தந்த வாசகங்களைக் கையில் பெற்றவர் ஒருநாள் உணரக்கூடும்: இவற்றைத் தாமே வாய்விட்டு, பொருளறிந்து, காலையும் மாலையும் சொல்லலாமே, ஒளித்துவைத்த ஒலி எதற்கு? அந்த விழிப்பே மெய்யான சுயமுன்னேற்றத்தின் முதற்படி.