யாழுக்கு அடங்காத பாட்டு

காரைக்காலிலிருந்து திருநள்ளாற்றுக்குப் போகிறவர்கள் பலர் தருமபுரத்தைக் கவனிப்பதே இல்லை. மனசெல்லாம் சனீஸ்வரன் சன்னிதியிலும் நளதீர்த்தத்திலும் இருக்கும். ஆதீனம் இருக்கிற மயிலாடுதுறைத் தருமபுரம் வேறு; இது காரைக்காலை ஒட்டிய சின்னத் தலம். இங்கே கோயில்கொண்டிருக்கும் ஈசனுக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர். ஒரு வாத்தியம் தோற்றுப்போன நாளை ஈசன் தன் பெயராகவே வைத்துக்கொண்டிருக்கிறார்.

நடந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். திருஞானசம்பந்தர் போகிற ஊருக்கெல்லாம் உடன் போய், அவர் பாடப் பாடத் தம் யாழில் வாசித்து வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரம் அவருடைய தாயார் பிறந்த ஊர். வந்தவரை வரவேற்ற உறவினர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. நீர் யாழில் ஏற்றி வாசிப்பதால்தான் சம்பந்தரின் பதிகங்கள் உலகெங்கும் பரவுகின்றன என்று சொல்லிவிட்டார்கள். பாணர் நடுங்கிப்போனார். சம்பந்தரிடம் ஓடி, தம் யாழுக்குள் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சம்பந்தர் பாடினார். பாணர் வாசிக்கப் பார்த்தார். நரம்புகளில் பாட்டு வரவில்லை. இந்தக் கருவியைத் தொட்டதால் வந்த வினை இது என்று யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். ஈசனுடைய புகழெல்லாம் ஒரு கருவிக்குள் அளவுபடுமா, வந்த அளவுக்கு வாசியும் என்று சொல்லித் திரும்பக் கொடுத்தார்.

இசை ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் சொல்வதுண்டு. யாழில் நரம்புக்கு ஒரு சுரம். வீணையில்போல ஒரே தந்தியை இழுத்தும் வழுக்கியும் சுரங்களின் நடுவே நடமாட அதில் வழியில்லை. மிடறு வளைந்த வளைவுகளில் யாழால் வளைய முடியவில்லை. அந்தப் பதிகத்தின் பண்ணுக்கும் யாழ்மூரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஓதுவார்கள் இன்று அதை அடாணாவில் பாடுகிறார்கள். யாழோ காலப்போக்கில் வழக்கொழிந்தது. மட்டக்களப்பு மண்ணைச் சேர்ந்த விபுலாநந்த அடிகள் பல ஆண்டு உழைத்து யாழ் நூலை எழுதி, அந்தக் கருவியின் உருவத்தைப் பழைய ஏடுகளிலிருந்து மீட்க வேண்டியிருந்தது. நூல் அரங்கேறியது 1947இல். அதே ஆண்டில் அடிகள் மறைந்தார்.

இதே காரைக்காலில் இன்று ஒருவர், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அறுபதாயிரம், எழுபதாயிரம் கொடுத்து ஒரு ஹெட்போன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூரியரில் பெட்டி வந்து இறங்குகிறது. அதோடு சேர்த்து வைக்க, டிஜிட்டல் ஒலியை மாற்றித்தரும் ஒரு டேக், அதைப் பெருக்கித்தரும் ஒரு ஆம்ப். வீட்டில் கேள்வி வராமல் இருக்காது: “பாட்டுக் கேக்கறதுக்கா இவ்வளவு காசு?” குடும்பக் கணக்காகத் தொடங்கும் இந்தக் கேள்விக்குள் சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வேறொரு கேள்வி இருக்கிறது. காதால் வரும் இன்பம் உயிரைக் கட்டுகிறதா, அவிழ்க்கிறதா?

காசுக் கேள்விக்கு ஓரளவு நேரடியான பதிலே உண்டு. யெரூன் பிரேபார்ட் என்ற ஒலியியல் ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களை அளந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை ஒரு ஹெட்போன் எப்படி ஒலிக்கிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பு இல்லை என்பது அவர் கண்டது. அதிர்வெண் சீர்மை ஒன்றுதான் ஒலியின் தரம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அதுதான் பெரும்பங்கு. 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 இன்றும் விற்கிறது, இன்றும் ரசிகர்கள் அதை உரைகல்லாக வைத்துப் பேசுகிறார்கள். அதே நிறுவனம் 2015இல் அறிவித்த எச்இ 1, கராரா சலவைக்கல் பீடமும் வெற்றிடக் குழாய்களுமாக, 50,000 டாலரைத் தாண்டிய விலைக்குப் போனது. இரண்டையும் கேட்டவர்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது என்பார்கள், இருக்கட்டும். அந்தத் தூரத்தைக் கடந்தால் பாட்டு முழுசாகக் கைக்கு வந்துவிடும் என்று நம்பும்போதுதான் தருமபுரத்து உறவினர்களின் பக்கம் போய் நிற்கிறோம்.

இன்பம் எந்தக் கேள்வியை எழுப்புகிறது என்பதற்கும் காரைக்காலிலேயே ஒரு கதை உண்டு. ஆனி மாதந்தோறும் மாங்கனித் திருவிழாவாக ஊர் அதைத் திரும்ப வாழ்கிறது. பிச்சாண்டவர் வீதி வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள், கீழே கூட்டம் தாவிப் பிடிக்கும். வணிகன் பரமதத்தன் கடைக்கு வந்த இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். ஒன்றை மனைவி புனிதவதியார் பசித்து வந்த அடியவருக்கு இட்டுவிடுகிறார். மற்றதைச் சாப்பிட்ட கணவன், சுவை பிடித்துப்போய், இன்னொன்றும் கேட்கிறான். அவர் இறைவனை நினைக்க, கையில் ஒரு கனி வருகிறது. அதை உண்ட பரமதத்தனுக்கு முதல் கனியின் சுவையே மறந்துபோகிறது. அடுத்து அவன் செய்வது முக்கியம்: இது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். இன்னும் நாலு பழம் கேட்டிருக்கலாம். சுவை ஒரு எல்லையைத் தாண்டியபோது அவன் மனம் பழத்தை விட்டுப் பிறப்பிடத்துக்குப் போனது. பதில் கிடைத்ததும் அவன் அஞ்சி ஓடினான் என்பது உண்மைதான். ஆனால் கேள்வி சரியான கேள்வி. நல்ல ஹெட்போனில் முதல்முறை ஒரு பழகிய பாட்டைக் கேட்டு, ஒரு நொடி அசையாமல் உட்கார்ந்துவிட்ட யாருக்கும் அந்தக் கேள்வி எழுந்திருக்கும். சிலர் உடனே அதை “இதைவிட நல்ல மாடல் எது?” என்று மாற்றிக்கொண்டுவிடுகிறார்கள். அங்கேதான் இழப்பு.

சைவ சித்தாந்தம் புலன்களைப் பற்றிக் கடுமையாகவே பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தில் ஐம்புலன்களை வேடர்கள் என்கிறார். அரசன் மகன் வேடர் நடுவே வளர்ந்து தான் யாரென்பதையே மறந்துவிடுவதுபோல, உயிர் புலன்களிடையே தன்னை இழந்து கிடக்கிறது. காதும் அந்த வேடர்களில் ஒருவன்; ஹெட்போன் அவன் கையில் கொடுத்த புது வில் என்று யாரும் வாதாடலாம். ஆனால் அந்த உவமையை முடிவுவரை பார்க்க வேண்டும். மறந்த மகனுக்கு நீ யார் என்று சொல்ல ஒருவர் வருகிறார். குரு சொல்கிறார், சீடன் கேட்கிறான். மீட்பு வந்து சேரும் வாசலும் அதே செவிதான். சித்தாந்திகள் உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் போகத்தையும் தனு, கரண, புவன, போகம் என்று அடுக்கி, உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் தந்தவை என்கிறார்கள். விடியும்வரை பிடித்திருக்க ஒரு விளக்கு. விளக்கைச் சூரியன் என்று நினைப்பது அறியாமை; இருட்டில் விளக்கை ஊதி அணைப்பதும் அறிவாகாது. பாணர் யாழை ஓங்கிய கையைச் சம்பந்தர் பிடித்தது இதனால்தான் என்று படுகிறது.

புனிதவதியார் காரைக்கால் அம்மையார் ஆனபோது எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார் என்பதும் கவனிக்க வேண்டியது. ஊனையும் அழகையும் உதறிப் பேயுருக் கொண்டார். கயிலையில் ஈசனிடம் கடைசியாகக் கேட்டது, நீ ஆடும்போது உன் அடிக்கீழ்ப் பாடியபடி இருக்க வேண்டும் என்பது. அதாவது இசை நடக்கும் இடத்தில் என்றென்றும் ஓர் இருக்கை. திருவாலங்காட்டில் அந்த இடம் கிடைத்தது. நட்டபாடை, இந்தளம் என்ற பண்களில் அவர் பாடிய இரண்டு மூத்த திருப்பதிகங்களும் காடு கேட்ட செவியின் பதிவுகள். சுடுகாட்டின் நரியும் கூகையும் பேயும் ஒருபுறம். கைக்கிளை, விளரி முதலான சுரப்பெயர்கள் மறுபுறம். வீணை, மத்தளம், குடமுழா, மொந்தை என்று வாத்தியங்களின் வரிசை வேறு. ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துக் கேட்டவரால்தான் இப்படிச் சொல்ல முடியும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர்காலச் செப்புத் திருமேனியில் எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கிறார்; கையில் தாளம். எல்லாவற்றையும் துறந்தவர் இசையைத் துறக்கவில்லை.

காதின் இன்பம் கட்டுகிறதா, அவிழ்க்கிறதா என்ற தவிப்பு சைவர்களுடையது மட்டும் என்று காரைக்காலில் சொல்ல முடியாது. தூய தேற்றரவு அன்னை ஆலயத்துப் பாடகர் குழு அறிந்தோ அறியாமலோ புனித அகுஸ்தினாரின் கவலையைச் சுமக்கிறது. தன் ‘ஒப்புதல்கள்’ நூலின் பத்தாம் புத்தகத்தில் அவர், ஆலயத்தில் பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தன்னை அதிகம் உருக்கிவிட்டால் அது பாவம் என்று எழுதுகிறார். மனம் மாறிய நாட்களில் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வடித்த கண்ணீரையும் அவரால் மறக்க முடியவில்லை. மஸ்தான் சாகிபு தர்காவில் கந்தூரி நடக்கும் அதே ஊரில், இசை கேட்பது ஆகுமா ஆகாதா என்ற வாதமும் புதிதல்ல. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் இதற்கென ஒரு பகுதியே ஒதுக்கினார். இசை உள்ளத்தில் இல்லாததைக் கொண்டுவந்து வைப்பதில்லை, இருப்பதைக் கிளறுகிறது என்ற கருத்தை ஒட்டியே அவர் விவாதம் போகிறது. ஹெட்போன் வாங்குகிறவர் தன்னிடமே கேட்டுக்கொள்ள இதைவிடக் கூர்மையான கேள்வி கிடைப்பது அரிது: கிளறப்படுவதற்கு உள்ளே என்ன இருக்கிறது?

ஹெட்போனின் பிறப்பிலேயே சமயம் கலந்திருக்கிறது. 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தன் வீட்டுச் சமையலறையில் அதை உருவாக்கிக் கடற்படைக்கு விற்ற நத்தேனியல் பால்ட்வின் மார்மன் சபையைச் சேர்ந்தவர். தொழுகைக் கூடத்தில் பிரசங்கம் சரியாகக் காதில் விழாத குறைதான் அவரை ஒலியைப் பெருக்கும் வேலையில் இறக்கியது என்பார்கள். ஒரு சொல்லைத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற ஆசை.

அந்த ஆசையை நியாயப்படுத்தும் இசை டெல்டாவின் மரபில் நிறைய உண்டு. தஞ்சை மரபில் வந்த வீணை தனம்மாள் (1867-1938) சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். சின்ன அறை, சில பேர், மெல்லிய ஒலி. சபாக்களும் ஒலிபெருக்கிகளும் பெருகிய பிறகு அப்படிக் கேட்கும் வாய்ப்பே போய்விட்டது. அவர் பதிவுகளை நல்ல ஹெட்போனில் கேட்கும்போது, ஊசி தேய்க்கும் கரகரப்புக்குப் பின்னால் அந்த அறை கொஞ்சம் திரும்பி வருகிறது. ஹெட்போனின் குறை என்று நிபுணர்கள் சொல்லும் ஒன்று, ஒலி எதிரே மேடையில் நிற்காமல் தலைக்குள்ளேயே ஒலிப்பது. பின்பக்கம் திறந்த ஓபன்-பேக் வகைகள் அதை வெளியே தள்ள முயல்கின்றன. தனம்மாளின் வீணைக்கு அந்தக் குறையும் பொருத்தமாகவே அமைகிறது. அருகே உட்கார்ந்து கேட்க வேண்டிய வீணை அது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி வேறு கதை. இரவெல்லாம் வீதியில் நாகஸ்வரம் ஊதிய மரபு. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் கொள்வது மூன்று, மூன்றரை நிமிடம். அவர் ராகத்தைத் தட்டின் அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். எந்த ஹெட்போனும், லட்சம் கொடுத்து வாங்கியதானாலும், பதிவாகாத மணிநேரங்களைத் திருப்பித் தராது. தட்டும் ஒரு யாழ். வந்த அளவுக்கு வாசித்திருக்கிறது.

காதும் யாழ்தான். பிறக்கும்போது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் காது, வயதாக ஆக மேலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒரு காதுக்கு 15,000 அளவில்தான். செத்தால் மறுபடி முளைப்பதில்லை. வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபலுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உயர்ந்த ஹெட்போனுக்குச் செலவழிக்க வசதி வரும் ஐம்பது வயதில், அது தரும் மேல்சுருதிகளில் ஒரு பங்கு கேட்பதற்கு ஆளில்லாமல் போய்விடுகிறது. ஆனாலும் கேட்கிறார்கள், கண் கலங்குகிறார்கள். கேட்பது காது மட்டுமாக இருந்தால் இது நடக்காது.

தருமபுரத்துக்குப் பிறகு பாணர் யாழைத் தொடவே இல்லை என்று சேக்கிழார் எழுதியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவர் அப்படி எழுதவில்லை. பாணர் தொடர்ந்து சம்பந்தருடன் ஊர் ஊராகப் போனார், தொடர்ந்து வாசித்தார். கொள்ளிடத்துக்கு அருகே நல்லூர்ப்பெருமணத்தில், இன்றைய ஆச்சாள்புரத்தில், சம்பந்தரின் திருமணத்தன்று சோதி எழுந்தபோது, துணைவி மதங்கசூளாமணியாரோடு அவரும் அதற்குள் போனார்.