வாயில்லா ஜீவனும் கடல் கடந்த பயணமும்

விருதுநகரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் துபாயில் இருக்கிறார். குடும்பத்துக்கும் விசா வந்துவிட்டது. மூன்று வருடமாக வளர்த்த பூனையையும் கூட்டிப் போகவேண்டும் என்று பிள்ளைகள் அழுகின்றனர். மாமனாரோ, "பூனைக்குப் போய் இவ்வளவு செலவா? இது இஸ்ராபு. மார்க்கெட்டில் விட்டுவிட்டால் மீன் தலையைத் தின்று பிழைத்துக்கொள்ளும்" என்கிறாராம். மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்கிறார்.

முதலில் மார்க்கெட் யோசனையைப் பார்ப்போம். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகத்துக்குரியவளானாள் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அவள் உணவும் கொடுக்கவில்லை, தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடவில்லை. "நாங்கள்தான் அவிழ்த்து விடுகிறோமே!" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தேடித் தின்னத் தெரிந்த பூனைக்கே அவிழ்த்துவிடுதல் விடுதலையாகும். குட்டியிலிருந்து வீட்டுச் சோற்றிலும் நம் மடியிலும் வளர்ந்ததை நாய்களும் லாரிகளும் திரியும் இடத்தில் இறக்கிவிட்டால், அந்தப் பிராணியைப் பொறுத்தவரை கட்டிப்போட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பழக்கியவர்கள் நாம். பழக்கிய அன்றே அமானிதம் நம் தோளில் ஏறிவிட்டது.

செலவு விஷயத்தில் பெரியவரின் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. விசாவுக்கு வாங்கிய கடன் நிற்கிறது, கொடுக்கவேண்டிய ஜகாத் நிற்கிறது என்றால் அவையே முந்தியவை. அவை தீர்ந்தபின் தன் பொறுப்பிலுள்ள ஜீவனுக்காகச் செலவழிப்பதை இஸ்ராபு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது, அது வசதியாகக் குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை நஜீஸ் அல்ல, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதையும் எடுத்துச் சொன்னார்கள்.

இனி, சகோதரி கேட்காத ஒன்று. அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்தியாவிலிருந்து துபாய்க்குப் பூனை போக, அரிசிமணி அளவு மைக்ரோசிப் ஒன்றைத் தோலுக்கடியில் வைக்கவேண்டும். அதில் 15 இலக்க எண் இருக்கும். அதன் பிறகே வெறிநோய்த் தடுப்பூசி. முதல் ஊசிக்குப்பின் குறைந்தது 21 நாள் பொறுக்கவேண்டும். ஊசி பலித்ததா என்று இரத்தப் பரிசோதனை உண்டு. அந்நாட்டு அமைச்சின் இறக்குமதி அனுமதியும், இங்கே மத்திய அரசின் பிராணித் தனிமைப்படுத்தல் நிலையம் தரும் சுகாதாரச் சான்றும் வேண்டும். இதற்கெல்லாம் மூன்று நான்கு மாதம் பிடிக்கும். விமான டிக்கெட்டோ அடுத்த மாதத்துக்கு இருக்கும். அப்போதுதான் ஷைத்தான் வருவான்: "டாக்டர் தெரிந்தவர்தானே, ஊசித் தேதியை முன்னால் போட்டுத் தரச் சொல்!"

அது பொய்ச்சாட்சி. சர்க்காரை மட்டும் ஏமாற்றும் காரியமன்று. வெறிநோய் முற்றிவிட்டால் மனிதனுக்கும் பிழைப்பில்லை. நோயுற்ற ஒட்டகத்தை ஆரோக்கியமானவற்றினிடையே கொண்டு வரலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விமான நிலையத்தில் கேட்கும் காகிதங்களின் கருத்தும் அதுவேயன்றி வேறென்ன?

அடுத்து, பூனையையே தயார் செய்வது. சிவகாசியைச் சுற்றியுள்ள நம் வீடுகளில் இதை விளக்கவேண்டியதில்லை. தீபாவளி வெடிச் சத்தத்தில் பீரோவுக்கு அடியில் ஒடுங்கி, மறுநாள் வரை சோறு தொடாத பூனையை நாம் பார்த்திருக்கிறோம். துபாய்க்குப் போகும் பூனை சரக்காகவே ஏற்றப்படும். மணிக்கணக்கில் இருட்டு, இரைச்சல், தெரியாத கைகள். ஆகவே பயணப் பெட்டியை முன்கூட்டியே வாங்கி, கதவைத் திறந்து வீட்டில் போட்டு, உள்ளேயே சோறு வையுங்கள். நாள் செல்ல அது தானே போய்ப் படுக்கும். பிள்ளைகளின் பழைய துணி ஒன்றை விரித்தால் வாசனையில் ஆறுதல் கிடைக்கும். தூக்க மருந்து கொடுத்து அனுப்பலாம் என்று எண்ணாதீர்கள். மூச்சும் இரத்த அழுத்தமும் தாழ்ந்து ஆபத்தாகலாம் என்பதால் விமானக் கம்பெனிகளே அதை விரும்புவதில்லை. சப்பை மூக்குள்ள பாரசீகப் பூனைகளைப் பல கம்பெனிகள் ஏற்றுவதுமில்லை. நபித்தோழர்கள் பயணத்தில் ஓரிடம் இறங்கினால், ஒட்டகங்களின் சுமையை இறக்கிய பின்பே நபில் தொழுவார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

(கூண்டுக் கிளியையும் கூட்டிப் போகலாமா என்று சிலர் கேட்பர். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.)

அப்படியானால் கூட்டித்தான் போகவேண்டுமா? இல்லை. பூனை கிழடாகவோ நோயாளியாகவோ இருந்தால், பிள்ளைகளின் அழுகைக்காக அதை வானத்தில் ஏற்றுவது நம் மனத் திருப்திக்கே தவிர, அதன் நலனுக்கன்று. அது மனிதரைவிட இடத்தோடு ஒட்டிய பிராணி. தெரிந்த திண்ணையில், தெரிந்த கையால் சோறு கிடைத்தால் அதற்கு அதுவே துபாய். சகோதரியின் கடிதத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: நன்னி ஊரிலேயே தங்கப் போகிறார், ஸுப்ஹுத் தொழுததும் பூனைக்குப் பால் ஊற்றுவது இப்போதும் அவர்தானாம். நன்னியிடம் யாராவது கேட்டார்களா?