வாயிலில் நின்ற பிள்ளை

பெற்றவள் தாயா, வளர்த்தவள் தாயா என்னும் வினா மிகப் பழையது. இருவருள் ஒருவரைக் கொண்டு மற்றவரைத் தள்ளவேண்டும் என்று கருதுவதாலேயே அது மனிதரை வருத்துகிறது. அன்பர்கள் இதனைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் நன்று.

பூனா என்று நம் முன்னோர் வழங்கிய புனே நகரில், சாசூன் மருத்துவமனையைச் சார்ந்து ஸ்ரீவத்ஸ என்னும் குழந்தைகள் இல்லம் உள்ளது. கைவிடப்பட்ட சிசுக்களை ஏற்று வளர்த்து, நல்ல குடும்பங்களில் சேர்ப்பிப்பது அதன் தொண்டு. 1979 ஆகஸ்டில் பிறந்த ஒரு பெண் மகவும் அங்கே இருந்தது. ஆண் குழந்தையை நாடி வந்த ஹரேன், சூ ஸ்தலேகர் தம்பதிகள் அப்பெண்ணைக் கண்டு உளம் மாறித் தத்தெடுத்தனர். அவரே ஆஸ்திரேலிய மகளிர் கிரிக்கெட் அணியில் ஆடிப் புகழ்பெற்ற லிசா ஸ்தலேகர். 2012-இல் அவர் அவ்வில்லத்திற்கு வந்து பார்த்துச் சென்றார்.

அவர் வளர்ந்தபின் வந்தார். சிறு பிள்ளையையே அழைத்துக்கொண்டு அயல்நாட்டினின்று வரும் ஒரு குடும்பத்தின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் விமானத்தில் உறக்கமில்லை. மும்பையினின்று புனேவுக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கண்டாலா மலைவழியின் வளைவுகளில் பிள்ளை வாந்தியெடுக்கிறது. லாரிகள் வழியை அடைத்து நிற்கின்றன. தந்தை ஓட்டுநரைக் கடிகிறார். தாய் தந்தையைக் கடிகிறாள். குறித்த வேளை தப்பி, பிற்பகலில் இல்லத்தின் வாயிலை அடைகின்றனர். பிள்ளையோ வண்டியை விட்டு இறங்க மறுக்கிறது. “என்னைத் திரும்ப இங்கே விட்டுவிடவா கொண்டுவந்தீர்கள்?” என்று கேட்கிறது.

வழியில் பட்ட துன்பமெல்லாம் இக்கேள்வியின் முன் சிறிது. “பின் ஏன் அழைத்துவர வேண்டும்? உண்மையை மறைத்தால் துன்பமே இல்லையே!” என்பர் சிலர். நம் குடும்பங்களிலும் பலர் அவ்வாறே செய்கின்றனர். ஊர் மாறிக் குடிபோகின்றனர். உறவினரின் வாயை அடைக்கின்றனர். இதனால் காக்கப்படுவது யார்? பிள்ளையன்று, பெற்றோரின் அச்சமே. பின்னொருநாள் சொத்துச் சண்டையிலோ திருமண வீட்டிலோ அயலார் ஒருவர் உண்மையைக் கக்கிவிடுகிறார். அன்று அப்பிள்ளை இழப்பது ஒரு செய்தியையன்று. அதுவரை கேட்ட சொற்கள் அனைத்தின்மேலும் வைத்த நம்பிக்கையை.

ராஜகிருகத்துக் குப்பைமேட்டில் எறியப்பட்ட சிசுவை அபய குமாரர் கண்டெடுத்து வளர்த்த வரலாற்றை விநய பிடகம் கூறுகிறது. அச்சிசுவே ஜீவகர். விவரமறிந்த பருவத்தில் அவர் தம் தாய் தந்தையர் யாவர் என வினவினார். தாயை அறியேன், வளர்த்த நானே தந்தை என்றார் அபயர். இல்லாத தாயை அவர் புனைந்து கூறவில்லை. இருந்த அன்பை மறைக்கவுமில்லை. உண்மையறிந்த ஜீவகர் தட்சசீலம் சென்று மருத்துவம் கற்றார். பகவானுக்கும் சங்கத்திற்கும் மருத்துவரானார். பிறந்த இடத்தை அறிந்ததால் அவர் சிறுத்துவிடவில்லை.

எனினும் உண்மைக்கும் ஓர் எல்லை உண்டு. குழந்தையைத் துறந்தவளை இகழ்தல் தகாது. வறுமையும் ஊர்ப்பழியும் அவளை எவ்வாறு நெருக்கினவோ, நாம் அறியோம். நம் நாட்டின் 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள், 18 வயது நிறைந்தவர் தம் பிறப்பின் மூலத்தை அறிய விண்ணப்பிக்க இடந்தருகின்றன. அவ்வயதை எய்தாதவர் வளர்த்த பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். பெற்றவரின் அந்தரங்கமும் அங்கே காக்கப்படுகிறது. அறியும் உரிமை ஒருவர்க்கு உண்டென்பதால், மற்றொருவர் வீட்டுக் கதவை உடைக்கும் உரிமை வந்துவிடாது. இதுவும் கருணையின் பாற்பட்டதே.

வாயிலில் நிற்கும் பிள்ளைக்கு என்ன விடை கூறுவது? “உன்னை முதன்முதல் கண்ட இடம் இது. உனக்கு அதனைக் காட்ட வந்தோம். மாலையில் மூவரும் சேர்ந்தே திரும்புவோம்” என்று கூறி, இறங்கும்வரை பொறுத்திருத்தலே போதும். பிள்ளை நம் உடைமையன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் உயிர். தத்துப்பிள்ளையை உடைய அன்பர்கள், அயலார் கூறுமுன் தாமே மடியிலமர்த்தி அதற்கு உண்மையைக் கூறுவார்களாக.