பிடித்ததா, பொருந்துவதா?

யோகம் பயில விரும்பும் ஒருவரின் முன் இன்று நீண்டதொரு பெயர்ப்பட்டியல் நிற்கிறது. ஐயங்கார் முறை, அஷ்டாங்க விந்யாசம், ஹட யோகம் என்று உடலைக் கொண்டு தொடங்குபவை ஒருபுறம். கர்மம், பக்தி, தியானம், ஞானம் என்று உள்ளத்தைக் கொண்டு தொடங்குபவை மறுபுறம். 'இவற்றுள் எனக்கு ஏற்றது எது?' என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால், விடை கூற வேண்டியவர் யார்?

மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1930-களில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை ஒன்று நடந்துவந்தது. அதன் ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாசாரியார் (1888–1989). அவரிடம் பயின்ற பட்டாபி ஜோயிஸ், மூச்சுடன் இணைந்து இடையறாது தொடரும் ஆசன வரிசையைப் பின்னாளில் உலகெங்கும் பரப்பினார். ஆசிரியரின் மைத்துனரான பி.கே.எஸ். ஐயங்காரோ மலேரியா, டைபாய்டு, காசநோய் ஆகியவற்றால் நலிந்த உடலுடன் வந்த சிறுவர். அவர் வகுத்த முறையில் ஒரே நிலையில் நெடுநேரம் நிலைப்பதும், அங்கங்களின் ஒழுங்கும் முதன்மை பெற்றன. வளைய இயலாதோர்க்குக் கயிறும் மரக்கட்டையும் நாற்காலியும் துணையாயின. கிருஷ்ணமாசாரியார் சென்னையில் குடியேறிய பின்னர், அவருடைய மகன் தேசிகாசார் தந்தையிடம் கற்றது இன்னொரு வகை: வயது, நோய், தொழில் ஆகியவற்றைக் கண்டறிந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பயிற்சி அமைப்பது. இம்மூன்றினுள் எது அசல் என்று வாதிடுவோர் உண்டு. வீண் வாதம்; மூன்றும் ஓர் ஊற்றினின்று புறப்பட்டவையே.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. மாணவனைப் பார்க்க இன்னொருவரின் கண் இருந்தது. இன்றோ நோயாளியே மருந்தைத் தேர்ந்தெடுக்கிறான். இனிப்பானதன்மீதே அவன் கை செல்லும். சோம்பல் மிகுந்தவர் தியானமே தம் வழி என்பார். பரபரப்பு மிகுந்தவர் வியர்வை வழியும் பயிற்சியை நாடுவார். தனித்திருக்க அஞ்சுபவர், கர்ம யோகம் என்று கூறிக்கொண்டு விழாவுக்கு விழா ஓடுவார். (பக்தர் சங்கங்களில் இவரைக் காண்பது அரிதன்று.)

குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனும் ஒரு மார்க்கத்தைத் தேர்ந்தெடுத்தான். பெரியோரைக் கொல்வதினும் பிச்சையேற்று உண்பது மேல் என்றான். துறவு உயர்ந்த நெறியே. பகவான் அதைப் பழிக்கவில்லை. அதைத் தேர்ந்தெடுத்த மனத்தையே சோதித்தார். அங்கே பேசியது வைராக்கியம் அன்று. பாசமும் கலக்கமும் வைராக்கியத்தின் மொழியில் பேசின.

அப்படியானால், தன் இயல்புக்கு மாறான வழியில் வலிந்து செல்ல வேண்டுமா? அதுவும் இல்லை. உயிர்கள் தம் இயல்பின்படியே செல்கின்றன, அடக்குவதால் ஆவதென்ன என்று கேட்கிறது கீதையின் மூன்றாம் அத்தியாயத்து 33-ஆம் சுலோகம். விருப்பு வெறுப்புகளுக்கு வசப்படாதே என்று எச்சரிக்கிறது அடுத்த சுலோகம். மேலோட்டமாகப் படிப்பவருக்கு இவை முரணாகத் தோன்றும். முதலாவது, சாதகன் எங்கிருந்து புறப்பட வேண்டும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, யாரிடம் வழி கேட்கக் கூடாது என்பதை. இயல்பு ஆழ்ந்தது, மெல்ல வெளிப்படுவது. விருப்பமோ உரத்த குரலில் முந்திக்கொண்டு பேசுவது. 'எனக்கு ஏற்றது' என்று பலரும் சொல்லும்போது, பேசுவது பெரும்பாலும் இரண்டாவதே.

அருகில் ஆசான் இல்லாதவர் என்ன செய்வது? ஒரு முறையைச் சில மாதங்கள் விடாது பற்றிப் பார்க்கலாம். வகுப்பில் உடல் எவ்வளவு வளைந்தது என்பது சிறிய செய்தி. முதுமையில் ஒரே கேள்வியை நான்காம் முறை கேட்கும் தந்தைக்கு வீட்டில் எந்தக் குரலில் பதில் சொன்னார் என்பதே பெரிய செய்தி. யோக சூத்திரத்தில் ஆசனத்தை நேரே விளக்குபவை மூன்றே சூத்திரங்கள். பயிற்சி நெடுங்காலம், இடைவிடாது, சிரத்தையுடன் நிகழ வேண்டும் என்று பதஞ்சலி முதற்பாதத்திலேயே கூறிவிடுகிறார். முழங்கால் வலித்தால் முறையை மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். மூன்றாம் மாதத்தில் சலிப்புத் தோன்றும்போதும் அதே சொற்கள்தாம் வாயில் வரும்: 'இது எனக்குப் பொருந்தவில்லை.'